பிறப்புக்கு ஒன்பது மார்க், இறப்புக்கு நாலரை

ஹோட்டலுக்கும் மிக்ஸிக்கும் எல்லாரும் மார்க் போடுகிறார்கள். நான் பிறப்பு, இறப்பு சான்றிதழுக்குப் போடப் போகிறேன். 2024 என்கிற ஒரே வருஷத்தில் எங்கள் வீட்டுக்கு மூன்று சான்றிதழ் தேவைப்பட்டது. பேத்தி பிறந்ததற்கு ஒன்று, மாமியார் தவறியதற்கு ஒன்று, என் மகள் 1990-ல் பிறந்ததற்கு ஒன்று. மூன்றுக்கும் அலைந்தது நான்தான். வீட்டுக்காரருக்கு மூட்டு வலி.

எனக்கு என்ன தகுதி என்று கேட்டால், 1984-லிருந்து 2019 வரை நான் கிராம சுகாதார செவிலியர். முக்கூடல் பக்கத்துக் கிராமங்களில் நர்சம்மா என்றால் நான்தான். முப்பத்தைந்து வருஷம் ஊசி போட்டதைவிட நோட்டு எழுதியதுதான் அதிகம். தம்பதியர் பதிவேடு, கர்ப்பிணி பதிவேடு, தடுப்பூசிப் பதிவேடு, பிறப்பு, இறப்பு. ஒரு வீட்டில் எத்தனை பேர் என்பதை வாசலில் கிடக்கிற செருப்பை எண்ணியே சொல்லிவிடுவேன். அதனால் இந்தச் சேவையைப் பொதுஜனமாகவும் பார்த்தேன், பழைய ஆளாகவும் பார்த்தேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். பேத்தி பிப்ரவரியில் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரியில் பிறந்தாள். தமிழ்நாட்டில் கர்ப்பம் என்று தெரிந்ததுமே பிக்மி நம்பர் என்று ஒரு எண் கொடுத்துவிடுகிறார்கள். அது இல்லாமல் பிறப்புப் பதிவு நகராது. மகளுக்கு மூன்றாம் மாதமே அந்த எண் வந்துவிட்டது. பிரசவம் ஆனதும் அதை வைத்து ஆஸ்பத்திரியிலேயே பதிந்துவிட்டார்கள். அம்மா பெயர், அப்பா பெயர், முகவரி எல்லாவற்றையும் எழுதித் தரச் சொல்லி, கம்ப்யூட்டரில் ஏற்றியதை மருமகனிடம் ஒரு தடவை படித்துக் காட்டினார்கள். இந்தப் படித்துக் காட்டுகிற வேலை ஒரு நிமிஷம்கூட ஆகாது. அதன் அருமை எனக்கு ஜூன் மாதம் தெரிந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

மகள் வீட்டுக்கு வந்து சேர்ந்த சில நாளிலேயே இணையத்திலிருந்து சான்றிதழை இறக்கிக்கொண்டோம். காசு கிடையாது. மூலையில் க்யூஆர் கோடு. எத்தனை பிரதி வேண்டுமானாலும் எடுக்கலாம். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் ஒரு பிரதிக்கு ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்து நிற்பார்கள். பீடி சுற்றுகிற பெண்கள் சொளவை மடியில் வைத்தபடியே, "நர்சம்மா, நீங்க எழுதி வச்சிருப்பியள்லா, அது போதாதா?" என்று கேட்பார்கள். என் நோட்டு எந்தப் பள்ளிக்கூடத்திலும் செல்லாது என்று விளக்குவதற்குள் எனக்குத் தொண்டை வறண்டுவிடும்.

பெயர் விஷயத்தில் மட்டும் எங்கள் வீட்டில் இழுபறி. பெயர் வைக்காமலே பிறப்பைப் பதியலாம். ஓராண்டுக்குள் கட்டணம் இல்லாமல் பெயரைச் சேர்க்கலாம். அதற்கு மேல் பதினைந்து வயது வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். சம்பந்தியம்மா எண் கணித ஜோசியரைப் பார்த்து, பெயரின் கடைசியில் ஒரு எழுத்தைக் கூட்ட வேண்டும் என்றார்கள். ஐந்து மாதம் அந்த ஓர் எழுத்துக்காகப் பெயரில்லாத சான்றிதழ் பீரோவில் இருந்தது. 2023 அக்டோபர் 1-க்குப் பிறகு பிறந்த பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், ஆதார், டிரைவிங் லைசென்ஸ், பாஸ்போர்ட் எல்லாவற்றுக்கும் பிறந்த தேதி என்றால் இந்த ஒரு தாள்தான் என்று சட்டத்தையே திருத்திவிட்டார்கள். ஆகையால் கூட்டுகிற எழுத்தை இப்போதே கூட்டிக்கொள்ளுங்கள். பிறகு வருத்தப்பட்டுப் பிரயோஜனம் இல்லை.

ஒன்பது மார்க். ஒரு மார்க்கைக் குறைத்தது இணையதளத்துக்காக. இரண்டு நாள் ஓடிபி வரவே இல்லை. மூன்றாம் நாள் விடிகாலை ஐந்து மணிக்கு வந்தது.

இப்போது மாமியாருக்கு வருகிறேன்.

அவர்கள் பெயர் இசக்கியம்மாள். ஜூன் மாதம் ஊரில் வீட்டிலேயே தவறினார்கள். கிராமத்தில் வீட்டு மரணம் என்றால் வி.ஏ.ஓ.தான் பதிவாளர். 21 நாளுக்குள் சொல்லிவிட வேண்டும். அதற்குள் பதிந்தால் கட்டணமும் இல்லை. 21 தாண்டினால் தாமதக் கட்டணம், முப்பது நாள் தாண்டினால் மேலதிகாரி அனுமதி, ஒரு வருஷம் தாண்டினால் கோட்டாட்சியர் வரை போக வேண்டும். இதையெல்லாம் ஊருக்கே சொல்லிக் கொடுத்தவள் நான். அதனால் பத்தாம் நாள் காரியம் முடிந்த மறுநாளே போய் எழுதிக் கொடுத்துவிட்டேன். ஒரு வாரத்தில் சான்றிதழ் தயார் என்று குறுஞ்செய்தி வந்தது. பரவாயில்லையே என்று சந்தோஷமாக ஜங்ஷனில் ஒரு கடையில் அச்செடுத்தேன்.

பெயர் சரி. தேதி சரி. முகவரியில்கூடத் தப்பில்லை. பாலினம்: ஆண்.

எட்டுப் பிள்ளை பெற்ற மனுஷி. நான் அந்தத் தாளை வைத்துக்கொண்டு கடை வாசலிலேயே நின்றேன். கடைக்காரப் பெண் எட்டிப் பார்த்து, "அக்கா, ஆள் மாறிப்போச்சா?" என்றாள்.

எப்படி ஆகியிருக்கும் என்று எனக்குப் புரியாமல் இல்லை. திரையில் ஒரு பெட்டியைத் தட்டினால் ஆண், பெண் என்று வரிசையாக விழும். முதலில் இருப்பதில் விரல் பட்டிருக்கும். நான் எழுதிக் கொடுத்த படிவத்தில் 'பெண்' என்று தெளிவாகத்தான் இருந்தது; நகல் வைத்திருக்கிறேன். ஆனால் ஏற்றிய பிறகு யாரும் படித்துக் காட்டவில்லை. ஹைகிரவுண்டில் செலவழித்த அந்த ஒரு நிமிஷத்தை இங்கே மிச்சம் பிடித்தார்கள். அதன் விலை எனக்கு ஏழு வாரம்.

திருத்தத்துக்கு என்னென்ன கேட்டார்கள் என்று எழுதினால் நம்பமாட்டீர்கள். ஆதார் நகல், குடும்ப அட்டை நகல், இரண்டு சாட்சி, ஒரு உறுதிமொழி. அதுவரைக்கும் சரி. ஆதாரில் அவர்கள் பெயர் ஆங்கிலத்தில் 'ஈ' (E) எழுத்தில் தொடங்குகிறது. பேங்க் பாஸ்புக்கில் 'ஐ' (I) எழுத்தில் தொடங்குகிறது. நெல்லைச் சீமையில் இசக்கி என்று பெயர் வைத்துக்கொண்ட ஆயிரக்கணக்கான பேருக்கு இதே தொந்தரவு இருக்கும். "ரெண்டும் ஒரே ஆளுதானான்னு ஒரு சான்று வாங்கிட்டு வாங்க" என்றார் அங்கிருந்த தம்பி. நான் கேட்டேன்: "தம்பி, நான் திருத்தக் கேட்டது பேரை இல்லியே?" அவர் நிமிர்ந்தே பார்க்கவில்லை. நாலு தடவை போனேன். ஒரு தடவை அதிகாரி முகாமுக்குப் போயிருந்தார், ஒரு தடவை கரண்ட் இல்லை, ஒரு தடவை சர்வர். எந்த அலுவலகம் என்று சொல்லப் போவதில்லை. அங்கே இருக்கிற பிள்ளைகளுக்கு வேலைப் பளு அதிகம் என்பதும் எனக்குத் தெரியும். நானும் அப்படி உட்கார்ந்திருந்தவள்தான்.

சொந்தக் கோபம் ஒரு பக்கம் இருக்கட்டும். இதில் இன்னொன்றும் இருக்கிறது. 2011 கணக்கெடுப்பில் அன்றைய திருநெல்வேலி மாவட்டத்தில், அதாவது தென்காசி பிரியாதபோது, 30 லட்சத்து 77 ஆயிரம் பேர். ஆயிரம் ஆணுக்கு 1023 பெண். நாட்டில் பல மாநிலங்களில் பெண் எண்ணிக்கை குறைவு என்று கவலைப்படுகிறபோது நம் பக்கம் பெண்கள் கூடுதல். அந்தக் கணக்குக்குப் பெருமைப்படுகிற ஊரில், ஒரு பெண் செத்ததை ஆண் செத்ததாக எழுதிவிட்டு, மேலே அனுப்பியும்விட்டார்கள். ஒரு தாள் தப்பானால் என்ன என்று கேட்கலாம். 2021-ல் நாடு முழுக்கப் பதிவான மரணம் 1 கோடியே 2 லட்சம். அவ்வளவும் இப்படி ஒவ்வொரு தாளாகச் சேர்ந்ததுதான்.

அந்த 2021 எண்ணைச் சும்மா சொல்லிவிட்டுப் போக எனக்கு மனசில்லை. 2019-ல் பதிவான மரணம் சுமார் 76 லட்சம், 2020-ல் 81 லட்சம், 2021-ல் ஒரு கோடியைத் தாண்டியது. கொரோனாவில் எத்தனை பேர் போனார்கள் என்று டெல்லிக்கும் உலக சுகாதார நிறுவனத்துக்கும் பெரிய வாக்குவாதமே நடந்தது. உலக சுகாதார நிறுவனத்தார் 2020, 2021 இரண்டு வருஷத்துக்கும் சேர்த்து 47 லட்சம் கூடுதல் மரணம் என்றார்கள். அரசாங்கம் தன் கணக்கு அதில் பத்தில் ஒரு பங்குதான் என்றது. யார் சொன்னது சரி என்பதற்குள் நான் போகவில்லை. ஆனால் கடைசியில் இரு தரப்பும் வந்து நிற்கிற இடம் இந்தப் பதிவேடுதான். அங்கே எழுதுகிறவர் கவனமாக எழுதியிருக்க வேண்டும்.

காரணம் என்கிற கட்டம் இதைவிட மோசம். மாமியாருக்குப் பதினெட்டு வருஷமாகச் சர்க்கரை. இரண்டு தடவை பக்கவாதம் வந்தது, இரண்டாவதில்தான் படுக்கையானார்கள். பதிவில் 'வயது மூப்பு'. வீட்டு மரணத்துக்கு டாக்டர் சான்று கேட்பதில்லை, அதனால் சொன்னதை எழுதிக்கொள்கிறார்கள். நான் 'பக்கவாதம்' என்றுதான் சொன்னேன். "வயசு எண்பத்தாறு ஆச்சுல்லாக்கா, பொறவென்ன" என்றார் எழுதியவர். இந்தியாவில் பதிவாகிற மரணங்களில் டாக்டர் காரணம் எழுதிச் சான்று தருவது 2020 கணக்குப்படி நூற்றுக்கு இருபத்திரண்டு சொச்சம். மற்றவர்கள் எல்லாரும் மூப்பு, மாரடைப்பு, காய்ச்சல். சர்க்கரை வியாதி எந்த ஊரில் எத்தனை பேரைக் கொண்டுபோகிறது என்று தெரிந்தால்தானே அந்த ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு எத்தனை மாத்திரை அனுப்புவது என்று தெரியும்?

இறப்புக்கு நாலரை மார்க். அந்த அரை மார்க், ஐந்தாவது தடவை போனபோது நாற்காலியை இழுத்துப் போட்ட வாட்ச்மேனுக்கு.

மூன்றாவது, மகளுடையது. 2023 டிசம்பர் 17, 18-ல் தாமிரபரணி ஊருக்குள் வந்தது நினைவிருக்கும். எங்கள் வீடு சிந்துபூந்துறையில். கீழ்த் தட்டில் இருந்த பத்திரப் பை ஊறிக் களியாகிவிட்டது. வீட்டுப் பத்திரத்தை உலர்த்தி எடுத்துவிட்டோம். மகளின் பிறப்புச் சான்றிதழ் பிரிக்கும்போதே விரலோடு வந்தது. மருமகனுக்கு வெளிநாட்டு வேலை அமைந்து, விசாவுக்கு அதைக் கேட்டார்கள்.

1990 பதிவு கம்ப்யூட்டரில் இல்லை. அவள் பிறந்த பேரூராட்சிக்கே போய்ப் பழைய பதிவேட்டைத் தேட வேண்டும். விண்ணப்பம் எழுதி, தேடுதல் கட்டணம் கட்டினேன். அங்கே இருந்த எழுத்தர் பெண்மணி மூக்கில் துணி கட்டிக்கொண்டு பீரோவைத் திறந்தார். காலிகோ அட்டை போட்ட பெரிய புத்தகம். ஓரத்தில் செல் அரித்திருந்தது. நீல மை சில பக்கங்களில் அடுத்த பக்கத்துக்கு இறங்கியிருந்தது. நான்காம் மாதம், இரண்டாவது வாரம் என்று ஸ்கேலை வைத்து ஒவ்வொரு வரியாகக் கீழே கொண்டுவந்தார். "இதாம்மா?" என்றார். என் பெயர், வீட்டுக்காரர் பெயர், தாயின் வயது 28, இது எத்தனையாவது பிள்ளை என்கிற கட்டத்தில் 1. குழந்தை பெயர் என்கிற இடத்தில் ஒரு கோடு.

பெயரே சேர்க்கவில்லை! ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் பெயர் சேர்த்தாயா என்று வீடு வீடாகக் கேட்டவள், சொந்தப் பிள்ளைக்குச் சேர்க்கவில்லை. வீட்டுக்காரர் இதை இப்போதும் விருந்தாளிகளிடம் சொல்லிக் காட்டுகிறார். நல்லவேளை, பழைய பதிவுகளில் பெயர் சேர்க்க 2024 டிசம்பர் 31 வரை அவகாசம் கொடுத்திருந்தார்கள். பள்ளிச் சான்றிதழைக் காட்டிச் சேர்த்துவிட்டேன். எட்டு மார்க், எல்லாம் அந்த எழுத்தருக்கு. புத்தகத்தை ஸ்கேன் செய்து வைக்காததற்கு இரண்டு மார்க் வெட்டு. இன்னொரு வெள்ளம் வந்தால் அந்தப் பீரோ என்ன ஆகும்?

அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். ஒரு பக்கத்தில் பதினைந்து இருபது வரி. எத்தனையாவது பிள்ளை என்கிற கட்டத்தில் 3, 1, 4, 2, 2, 5 என்று போகிறது. அப்போது எங்களுக்கு இலக்கு உண்டு. மாதம் இத்தனை குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன், இத்தனை பேருக்குக் கருத்தடைக்கான காப்பர்-டி. "கேஸ் பிடிச்சாச்சா?" என்பதுதான் மாதாந்தரக் கூட்டத்தில் முதல் கேள்வி. 1996-ல்தான் அந்த இலக்கை நீக்கினார்கள். வேடிக்கை என்னவென்றால், அதற்குள் தமிழ்நாடு இரண்டு பிள்ளைக் கணக்குக்கு வந்துவிட்டிருந்தது. 1993 வாக்கிலேயே ஒரு பெண்ணுக்குச் சராசரி 2.1 என்கிற அளவைத் தொட்டுவிட்டோம். சுவரில் எழுதிய 'நாம் இருவர் நமக்கு இருவர்' ஒரு காரணம்தான். பெண் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனது, மதியச் சாப்பாடு, பிறந்த குழந்தை பிழைக்கும் என்கிற நம்பிக்கை எல்லாம் சேர்ந்தது. எங்கள் பக்கத்தில் இன்னொன்றும் உண்டு: பீடிக் கணக்கை வாரா வாரம் தன் கையில் வாங்கின பெண், போதும் என்று வீட்டில் துணிந்து சொன்னாள். இது நான் கண்ணால் பார்த்தது.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஐயாயிரம் பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், ஒரு நர்சம்மா. 1971-ல் நாட்டின் பிறப்பு விகிதம் ஆயிரத்துக்கு 36.9. அந்தக் கணக்கில் ஒரு நர்சம்மாவுக்கு வருஷம் 184 பிரசவம். 2020-ல் தமிழ்நாட்டின் விகிதம் 13.8. அதே ஐயாயிரம் பேருக்கு வருஷம் 69. ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.4 பிள்ளை. 1971-ல் நாட்டில் ஆயிரம் குழந்தை பிறந்தால் ஒரு வயதுக்குள் 129 போய்விடும். 2020-ல் 28, தமிழ்நாட்டில் 13.

இந்த விகிதங்கள் சான்றிதழ்ப் பதிவிலிருந்து வருவதில்லை என்பது பலருக்குத் தெரியாது. மாதிரிப் பதிவு முறை என்று ஒன்று 1970 வாக்கிலிருந்து ஓடுகிறது. தேர்ந்தெடுத்த ஊர்களில் உள்ளூர் ஆள் ஒருவர் பிறப்பு, இறப்பைத் தொடர்ந்து எழுதுவார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வேறொருவர் வந்து, முதல் நோட்டைப் பார்க்காமல் தனியாகக் கேட்டு எழுதுவார். இரண்டையும் ஒத்துப் பார்த்து, பொருந்தாததை மறுபடி வீட்டுக்குப் போய்க் கேட்பார்கள். அந்த இரண்டாவது ஆள் இருந்திருந்தால் என் மாமியார் ஆணாகியிருக்க மாட்டார்கள்.

பிள்ளை குறைந்ததற்கு இப்போது கவலைப்படுகிறார்கள். எந்த மாநிலத்துக்கு எத்தனை மக்களவைத் தொகுதி என்பது 1971 கணக்கெடுப்பை வைத்துத்தான் உறைந்து நிற்கிறது. மறுபடி மக்கள் தொகைப்படி பிரித்தால் கட்டுப்படுத்திய மாநிலத்துக்குத்தான் நஷ்டம். 2025 மார்ச்சில் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் நாகப்பட்டினத்தில் கல்யாண மேடையில் புதுத் தம்பதிகளிடம் உடனே பிள்ளை பெற்றுக்கொள்ளச் சொன்னார். டிவியில் பார்த்துவிட்டு என் பழைய சிநேகிதி, அவளும் ரிட்டயர்டு நர்ஸ், போன் போட்டாள்: "ஏட்டி, நாம வீடு வீடா போயி என்னத்தச் சொன்னோம், இப்ப இவுக என்னத்தச் சொல்லுதாக!" இரண்டு பேரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம்.

கணக்கெடுப்பும் 2021-ல் நடக்க வேண்டியது கொரோனாவால் நின்று, 2027 மார்ச் 1-ஐ வைத்து எண்ணப்போவதாக அறிவித்திருக்கிறார்கள். என் வீட்டுக்காரர் வாத்தியார். 1991, 2001, 2011 மூன்றுக்கும் போனவர். வயது கேட்டால் கிராமத்தில் நாற்பது, ஐம்பது, அறுபது என்று முழு எண்ணாகத்தான் விழும் என்பார். நாற்பத்தேழு என்று யாராவது சொன்னால் அவருக்கே சந்தேகம் வரும். எங்கள் தலைமுறைக்குப் பிறந்த தேதி தந்தது ஹெட்மாஸ்டர். தலைக்கு மேலே கையை வளைத்துக் காதைத் தொட்டால் ஐந்து வயது. தேதி மே கடைசியோ ஜூன் முதலோ. என் வகுப்பில் பாதிப் பேருக்கு ஒரே வாரத்தில் பிறந்தநாள்.

மாமியாருக்கு அந்தத் தேதியும் கிடையாது. தனுஷ்கோடிப் புயல் அடித்தபோது நாலாவது பிள்ளை வயிற்றில் என்பார்கள். அது 1964 டிசம்பர். அதிலிருந்து பின்னோக்கி எண்ணித்தான் ஆதாரில் ஒரு வருஷம் போட்டோம். எட்டுப் பெற்று ஆறைத் தங்க வைத்தார்கள். தங்காத இரண்டுக்கும் எந்த நோட்டிலும் பிறப்பும் இல்லை, இறப்பும் இல்லை. ஒன்றுக்குப் பெயர் வைத்திருந்தார்கள். எங்களிடம் ஒரே ஒரு தடவைதான் சொல்லியிருக்கிறார்கள்.

நடைமுறை விஷயம் இரண்டு. இ-சேவையிலோ கடையிலோ அச்செடுத்தால் தாளுக்கு உண்டான காசை மட்டும் கொடுங்கள்; எங்களிடம் ஒரு கடையில் ஐம்பது ரூபாய் கேட்டார்கள், பேரம் பேசிப் பத்துக்கு வந்தது. லேமினேஷன் வேண்டாம். பளபளப்பில் க்யூஆர் கோடு ஸ்கேன் ஆகாமல் பேங்கில் திருப்பிவிடுகிறார்கள்.

ஆகஸ்டில் திருத்திய சான்றிதழ் வந்தது. இப்போது பெண் என்றுதான் இருக்கிறது. காரணம் இன்னும் 'வயது மூப்பு'. அதற்குத் தனியாக விண்ணப்பம் எழுதி வைத்திருக்கிறேன், அடுத்த திங்கள்கிழமை கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்று. வீட்டுக்காரர் வேண்டாம் என்கிறார்.